பலசரக்குச் சீட்டில் ஏறாத செலவு: ஸ்ரீவராகத்திலிருந்து பார்த்த திருவனந்தபுரம்

2025 செப்டம்பரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 1.54 விழுக்காடு. அண்மை ஆண்டுகளில் பார்க்காத தணிவு அது. அதே மாதம் கேரளத்தின் கணக்கு 9.05. ஜூலையில் 8.89, ஆகஸ்டில் 9.04 என்று ஏறி வந்து நின்ற எண் இது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்குத்தான் முதலிடம். அதையும் மாதக்கணக்கில் விட்டுக்கொடுக்கவில்லை. நாடெங்கும் ஓடுவது ஒரே ரூபாய்தான். திருவனந்தபுரத்தில் மட்டும் அது வேகமாகத் தேய்ந்தது.

மாநிலம் முழுவதற்கும் எடுத்த சராசரி எண்ணை ஒரு தெருவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. தெரு ஸ்ரீவராகத்தில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டைக்குத் தெற்கே, மணக்காட்டுக்கும் ஆற்றுகாலுக்கும் பக்கத்தில், வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி வளர்ந்த பழைய குடியிருப்பு. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம் என்று தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் கோட்டையைச் சுற்றிய தெருக்களில் நிறைய. கோயில் காரியத்துக்கு வந்தவர்கள், அரண்மனை உத்தியோகத்துக்கு வந்தவர்கள், சாலைக் கடைத்தெருவில் வியாபாரத்துக்கு வந்தவர்கள் என மூன்று வழியாகவும் வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

இங்கே யாரைக் கேட்டாலும் வரும் பதில், "கட்டுப்படியாகல." எது கட்டுப்படியாகவில்லை என்று துருவிக் கேட்டால் பட்டியல் நீளும், அதில் அரிசியும் எண்ணெயும் ஒரு பகுதிதான். மீதி எல்லாம் தண்ணீர், குப்பை, போக்குவரத்து, மழைநீர், வாடகை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. இந்த நகரத்தில் பொருள்களின் விலை ஏறியது உண்மை. அதோடு, முன்பு ஊர் பொதுவில் செய்துகொடுத்த வேலைகளை ஒவ்வொரு வீடும் தன் கைக்காசில் செய்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. முதலாவதற்குக் குறியீட்டெண் உண்டு. இரண்டாவதைத் தனியாக எடுத்துச் சொல்லும் எண் இல்லை. எரிச்சலின் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எண்ணெயும் பொன்னும்

முதலில் எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நுகர்வோர் விலைக் குறியீடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கூடையை வைத்துக்கொள்கிறது. அந்த மாநில மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கூடையில் பொருள்களின் எடை மாறும். 2025-இல் வட இந்தியக் கூடையில் கனமாக இருந்த காய்கறியும் பருப்பும் விலை இறங்கின. கேரளக் கூடையில் கனமாக இருந்தவை தேங்காயெண்ணெயும் தங்கமும். இரண்டும் அந்த ஆண்டு எகிறின. ஆண்டின் நடுவில் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. சில கடைகளில் 500-ஐத் தொட்டது. அவியலுக்கும் புளிசேரிக்கும் மட்டுமல்லாமல் தலைக்கும் விளக்குக்கும் அதே எண்ணெய் என்று பழகிய ஊரில் இது சமையலறையோடு நிற்காத விலை.

கேரளம் விற்பதைவிட வாங்கித் தின்பது அதிகம் என்பது பழைய உண்மை. இந்த நகரத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு வரலாற்றுத் தேதியும் உண்டு. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த நாஞ்சில்நாடு 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கு அந்தப்புறம் போனது. தலைநகர் இந்தப்புறம் நின்றது. ஜெயா அரிசி ஆந்திரத்திலிருந்து வருகிறது. காய்கறி தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்தும் பூ தோவாளையிலிருந்தும் லாரியில் ஏறி வருகின்றன. டீசல் விலையும் லாரி வாடகையும் ஏறும்போதெல்லாம் கிழக்கேகோட்டைக் கடைகளில் அது தெரிந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் மாநில அரசு பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு மேல்வரி போட்டபோதும் இதுதான் நடந்தது. முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளை. எல்லை தாண்டி பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவது தெற்கத்திக்காரர்களுக்கு வாடிக்கை.

இதற்கு மேல் கட்டணங்கள். 2022 மே 1 அன்று பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 8-இலிருந்து 10 ரூபாய் ஆனது. ஆட்டோவுக்கு 25 என்றிருந்தது 30 ஆனது. அந்த டிசம்பரில் மில்மா பால் லிட்டருக்கு 6 ரூபாய் ஏறியது. 2023 பிப்ரவரியில் தண்ணீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு பைசா உயர்ந்தது. 2024 டிசம்பரில் மின்சாரம் யூனிட்டுக்கு 16 பைசா கூடியது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தாங்கக்கூடியதாகத்தான் தெரியும். நான்கும் ஐந்தும் சேர்ந்து, சம்பளம் நின்ற இடத்தில் நிற்கும் வீட்டுக்குள் வரும்போதுதான் மாதக் கடைசி வாரம் என்றால் என்ன என்று புரியும்.

நடை தூரத்தில் இருந்த நகரம்

ஸ்ரீவராகம் போன்ற இடத்தில் குறைந்த வருமானத்தில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதற்கான விடை இந்த ஊரின் அமைப்பில் இருக்கிறது.

சாலைக் கடைத்தெரு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவானது. அரிசி, பருப்பு, பாத்திரம், துணி, மருந்துச் சரக்கு, பொன் எல்லாம் ஒரே தெருவின் நீளத்தில் கிடைத்தன. அந்தக் கடைத்தெருவிலேயே கடை நடத்தியபடி அதன் மனிதர்களைத் தமிழ்க் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' இதே ஊரைக் களமாகக் கொண்டது. அவர்களுடைய எழுத்தில் நகரம் கால்நடையாகவே நமக்கு அறிமுகமாகிறது. அது இலக்கிய உத்தி மட்டும் இல்லை. ஊரே அப்படித்தான் இருந்தது. ஸ்ரீவராகத்திலிருந்து சாலைக்கு நடந்து போய் மாதச் சாமான் வாங்கி, கனமானால் மட்டும் வண்டி பிடித்துத் திரும்பலாம். கோயில், பள்ளிக்கூடம், வைத்தியர், பேருந்து நிலையம், ஆபீஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

இதன் மேல் 1930-களில் அரசு மூன்று பொதுவசதிகளைச் சேர்த்தது. 1931-இல் ரயில் பாதை சாக்கையிலிருந்து தம்பானூர்வரை நீண்டு ஊருக்கு நடுவே வந்தது. 1933-இல் கரமனை ஆற்றின் அருவிக்கரையிலிருந்து குழாய் நீர் வந்தது. வைசிராயின் பெயரால் வில்லிங்டன் நீர்த்திட்டம் என்றார்கள். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு தன் சொந்தப் பேருந்துகளை இந்த நகரில் ஓடவிட்டது. இன்றைய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தொடக்கம் அதுதான். ஏழு ஆண்டுகளுக்குள் ரயில், குடிநீர், பேருந்து. அன்று இந்த நகரத்தில் குடியிருந்த ஒரு குமாஸ்தாவுக்கு இவை மூன்றும் சம்பளத்தில் காட்டாத வருமானம். கிணறு தோண்ட வேண்டியதில்லை, வண்டி வாங்க வேண்டியதில்லை. அந்த மிச்சம்தான் பிள்ளைகளின் படிப்பாகவும் பெண்ணின் கல்யாணமாகவும் மாறியது.

இன்று அந்த மறைமுக வருமானம் கரைந்துகொண்டிருக்கிறது. குழாய் இருக்கிறது, பேருந்து இருக்கிறது, கடைத்தெருவும் இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் நம்பி ஒரு வீட்டை நடத்த முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

குழாயில் வரும் காற்று

2024 செப்டம்பர் முதல் வாரம். திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் வேலைக்காக நேமம் பக்கத்தில் பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று அறிவித்துத் தண்ணீரை நிறுத்தினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. மாநகராட்சியின் 44 வார்டுகளில் நான்கு நாட்களுக்கு மேல் குழாய் வறண்டது. செப்டம்பர் 9 அன்று நகரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது. மழை வெள்ளத்துக்கு விடுமுறை விட்டுப் பழகிய ஊரில், ஓணத்துக்கு ஒரு வாரம் முன்பு, தண்ணீர் இல்லை என்று விடுமுறை.

அந்த நாட்களில் தெருவில் அடிபட்ட பேச்சு இந்த மாதிரிதான் இருந்தது: "மாமி, குழாயில ஏதாவது வரதா?" "வரது, காத்து."

இந்த நான்கு நாட்களை விபத்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் இது அன்றாடத்தின் முற்றிய வடிவம் என்று தெரியும். கோட்டைப் பகுதியின் ஒரு சாதாரண வாடகை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலோரம் தரைக்கடியில் ஒரு தொட்டி. அதிலிருந்து மேலே ஏற்ற ஒரு மோட்டார். மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டாங்க். அடுக்களையில் வடிகட்டும் எந்திரம். அதற்கு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டிய வடிகட்டி. அதோடு, இவை எதுவும் கைகொடுக்காத நாளுக்கென்று மூடிபோட்ட நான்கு குடம். குழாயில் அழுத்தம் போதுமான அளவு இருந்து, நாள் முழுக்கத் தண்ணீர் நிச்சயம் வரும் என்றால் இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை.

2023-இல் கட்டணம் ஏறியபோது மாதக் குறைந்தபட்சத் தொகை 22.05 ரூபாயிலிருந்து 72.05 ஆனது. மூன்று மடங்குக்கு மேல் என்று கொதித்தார்கள். ஆனால் கூடியது 50 ரூபாய்தான். மோட்டாரின் கரண்டுக்கும், மழையில்லாத மாதத்தில் வரவழைக்கும் லாரித் தண்ணீருக்கும் பக்கத்தில் அது பெரிய தொகை இல்லை. மக்கள் எந்தப் பணத்துக்குக் கோபப்படுகிறார்கள் என்று இங்கே கவனிக்க வேண்டும். சீட்டில் அச்சாகி வரும் 72 ரூபாய் கண்ணில் படுகிறது. தண்ணீரை நம்ப முடியாததால் வீடு தானே சுமக்கும் தொகைக்குச் சீட்டு இல்லை. அதனால் அதைக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பதே ஏழைக்குச் செய்யும் உதவி என்று அரசியல்வாதிகள் நினைப்பதில் இருக்கும் ஓட்டையும் இதுதான். மலிவான ஆனால் நம்ப முடியாத குழாய், தொட்டியும் மோட்டாரும் வாங்க முடியாதவரைத்தான் முதலில் அடிக்கிறது.

குப்பையும் மழையும்

குப்பையின் கதை இன்னும் தெளிவு. 2000-இல் விளப்பில்சாலையில் தொடங்கிய ஆலைக்கு நகரத்துக் குப்பை முழுவதும் போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தையும் நீர் மாசையும் பத்தாண்டுக்கு மேல் தாங்கிய அந்த ஊர் மக்கள் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு நகரத்தின் மலத்தையும் எச்சிலையும் வேறொரு கிராமத்தின் தலையில் கொட்டுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

அதன்பின் மாநகராட்சி மாற்று வழிக்குப் போனது: அவரவர் குப்பையை அவரவர் இடத்திலேயே மக்க வைப்பது. கொள்கையாக அது நல்லது. பல ஊர்கள் பார்த்துப் படித்துக்கொண்ட மாதிரியும்கூட. வீடுகளுக்கு அடுக்கு வாளிகள் கொடுத்தார்கள். காய்த்தோலையும் சோற்றையும் போட்டு, அதன்மேல் தென்னைநார்த் தூளில் நுண்ணுயிர் கலந்த பொடியைத் தூவி மூடி வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து, வீடு தேடி வந்து சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் மாதாமாதம் பணம் கட்டிக் கொடுக்க வேண்டும். பின்கட்டும் நாலு வாழையும் உள்ள வீட்டில் இது நடக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகார வீட்டிலும், மூன்றாம் மாடி வாடகை அறையிலும் அந்த வாளியை எங்கே வைப்பது? மழைக்காலத்தில் புழு நெளியும்; வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். தனியார் ஏஜென்சிக்கு மாதப் பணம் கொடுத்து எடுத்துப்போகச் சொல்கிறவர்கள் உண்டு. அதற்கும் வழியில்லாதவர் இருட்டில் பொட்டலம் கட்டி வாய்க்காலில் வீசுகிறார். மற்றவர்கள் அதைக் கண்டிக்கிறார்கள்; கேமரா வைத்துப் பிடித்து அபராதமும் போடுகிறார்கள்.

வாய்க்காலில் விழுந்த பொட்டலம் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த அத்தியாயம். கோட்டையும் தம்பானூரும் தாழ்ந்த நிலம். ஆமையிழஞ்சான் தோடும் தெக்கனக்கரை வாய்க்காலும் அங்கே சேரும் மழைநீரை வடிக்க வேண்டும். இவற்றின் மேல் கட்டடம் எழும்பியும் ஸ்லாப் மூடியும் குறுகிப்போனதால் ஒரு மணி நேரம் கனத்த மழை பெய்தாலே கிழக்கேகோட்டையில் முழங்கால் தண்ணீர். 2015-இல் 'ஆபரேஷன் அனந்த' என்ற பெயரில் மாவட்ட நிர்வாகம் இறங்கி, மூடிய வாய்க்கால்களைத் தோண்டித் திறந்து ஆக்கிரமிப்புகளை இடித்தது. அப்போது நீர் வடிந்தது. அந்த வேகம் பின்னால் தொடரவில்லை. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சானின் இருட்டுப் பகுதியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. ரயில்வேயா, மாநகராட்சியா, நீர்ப்பாசனத் துறையா என்று பொறுப்பைத் தள்ளிவிடும் வாதம் அதன் பிறகும் ஓயவில்லை.

ஒவ்வொரு வீடும் தன் வாசற்படியை ஓரடி உயர்த்திக் கட்டுவதும், சாலை மட்டம் மறுபடி உயர்வதும், பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுவதும் இதன் தொடர்ச்சி. படி உயர்த்துகிறவர் தன் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டு அண்டை வீட்டுக்கு அனுப்புகிறார். தனித்தனியாகச் செய்யும் செலவு ஊரின் மொத்தச் செலவைக் குறைப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

பூட்டிய வீடும் ஏறும் வாடகையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேரளத்தில் ஏறக்குறைய 12 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடப்பதாகச் சொன்னது. பத்து வீட்டுக்கு ஒன்றுக்கு மேல். வீடு பற்றாக்குறையால் விலை ஏறுகிறது என்ற பாடப்புத்தக விளக்கம் இங்கே பொருந்தாது. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களின் சேமிப்பு கேரளத்தில் சிமெண்டாகவும் செண்டாகவும் உறைகிறது. 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டிலிருந்து அந்த ஆண்டு மாநிலத்துக்கு வந்த பணத்தை 2.16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அதில் ஒரு பங்கு நிலத்தைத் துரத்தும்போது, உள்ளூர்ச் சம்பளத்தில் நாலு செண்ட் வாங்க நினைக்கிறவர் பின்தங்கித்தான் போவார். வாங்க முடிந்தாலும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2023 ஏப்ரலில் நிலத்தின் நியாய விலையை அரசு 20 விழுக்காடு உயர்த்தியபோது அந்தச் சுமையும் சேர்ந்து உயர்ந்தது.

கோட்டைப் பகுதிக்கு இன்னொரு தனிக்கணக்கு. கோயிலைச் சுற்றிய இடம் பாரம்பரியப் பகுதி. மாடி எழுப்பக் கட்டுப்பாடு உண்டு. காப்பாற்ற வேண்டிய அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இடம் பெருகாத இடத்தில் தேவை பெருகுகிறது. 2011-இல் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைச் செல்வம் உலகச் செய்தியான பிறகு வெளியூர்க் கூட்டம் கூடியது. வயதான தம்பதி இருந்த வீட்டை அவர்களுக்குப் பின் மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விடுவது லாபம். கடைக்குக் கிடங்காக விட்டால் குடித்தனக்காரரின் தொந்தரவும் இல்லை. அப்படி ஒவ்வொரு வீடாகக் குடித்தனம் குறையும்போது குடித்தனத்தை நம்பிய சின்னக் கடைகளும் குறைகின்றன. மாவு அரைக்கவும் துணி தைக்கவும் முன்பைவிடத் தூரம் போக வேண்டியிருக்கிறது.

வெளியே போய்க் குடியேறலாமே என்று சொல்லலாம். சென்னையில் வாடகை தாங்காதவர் தாம்பரத்துக்கும் அதைத் தாண்டியும் போகிறார். தூரத்தைக் கொடுத்து விலைக்குறைவை வாங்குகிறார். கேரளத்தில் அந்தப் பண்டமாற்று சரியாக நடப்பதில்லை. 2023–24-இன் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் கேரள நகரத்தில் ஒரு ஆளுக்கு மாதச் சராசரி 7,834 ரூபாய், கிராமத்தில் 6,611. இடைவெளி 18 விழுக்காடு மட்டும். அகில இந்திய அளவில் அந்த இடைவெளி 70 விழுக்காடு. அதாவது நெய்யாற்றின்கரைக்கோ நெடுமங்காட்டுக்கோ போனால் வாடகையில் கொஞ்சம் மிஞ்சும். சாமான் விலையில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சிய வாடகையைப் பேருந்தும் ஸ்கூட்டரும் எடுத்துக்கொள்ளும். கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கைச் சுற்றி ஊர் வடக்கே விரிந்துவிட்டது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் கோட்டையிலிருந்து அங்கே போய்வர வண்டி இல்லாமல் முடியாது. நடை தூரத்தில் வாழ்ந்த குடும்பம் இப்போது வண்டிக்குத் தவணை கட்டுகிறது.

கூலி பெற்றவரும் பெறாதவரும்

இதுவரை சொன்னதை வைத்து இந்த ஊர் எல்லோருக்கும் நரகம் என்று முடிவுகட்டினால் அது பொய். இங்கே உழைப்புக்கு விலை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022–23 கணக்கில் கேரளத்துக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் நாள் கூலி சராசரி 852.5 ரூபாய், தேசிய சராசரி 393.3. ஓடு மாற்றவும் குழாய் பழுதுபார்க்கவும் ஆள் கூப்பிட்டால் ஆகும் தொகையைக் கண்டு ஸ்ரீவராகத்து ஓய்வூதியக்காரர் முனகுகிறார். முனகல் புரிகிறது, ஆனால் அந்தக் கூலிதான் இன்னொரு வீட்டில் அடுப்பெரிய வைத்தது. பல பத்தாண்டுத் தொழிற்சங்கப் போராட்டத்தின் விளைவு அது. மலிவான வேலைக்காரர்களின் முதுகில் மலிவாக வாழ்ந்த பழைய நகரத்துக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை.

சிக்கல், விலையோடு சேர்ந்து வருமானம் ஏறாதவர்களுக்கு. தனியார் கடைச் சிப்பந்தி, கோயில் சார்ந்த சிறு தொழில் செய்பவர், ஒப்பந்த ஊழியர், சின்ன நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை, மகனுடைய பணத்தை எதிர்பார்க்கும் விதவை. இவர்கள் கூலி கேட்டுப் பேரம் பேச முடியாதவர்கள். ஆனால் கூலி ஏறிய ஊரின் விலையைக் கொடுப்பவர்கள்.

இந்தப் பிளவைத் தலைநகரத்தின் நடுத்தெருவுக்கே கொண்டுவந்தது ஆஷா பணியாளர்களின் போராட்டம். 2025 பிப்ரவரி 10 அன்று தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மாநில அரசு கொடுத்த மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய்; கேட்டது 21,000. மத்திய அரசின் ஊக்கத்தொகை தனியாக உண்டு என்றாலும் முந்தைய பகுதியின் எண்ணோடு இதைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்: நகரத்தில் ஒரே ஓர் ஆளின் சராசரி மாத நுகர்வு 7,834. வீடுவீடாகப் போய் ஊரின் உடம்பைக் கவனிக்கிற பெண்ணின் மதிப்பூதியம் அவள் ஒருத்தியின் சராசரிச் செலவைக்கூட எட்டவில்லை. எட்டு மாதங்களுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் இருந்தார்கள். மதிப்பூதியம் 8,000 ஆனது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1,600-இலிருந்து 2,000 ஆனது. நவம்பர் 1 அன்று இரவுபகல் போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். அதே நாளில்தான், 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு நடத்திய திட்டத்தின் முடிவில், கேரளம் அதிதீவிர வறுமையற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு செய்தியும் உண்மை. அடித்தட்டில் விழுந்தவரைத் தூக்கும் ஏற்பாடு இந்த மாநிலத்தில் இருக்கிறது; விளிம்பில் நின்று தினமும் வழுக்குகிறவருக்கான ஏற்பாடு அவ்வளவு உறுதியாக இல்லை.

மாவேலி ஸ்டோரைத் தாண்டி

விலைவாசி என்றதும் கேரளத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மாவேலி ஸ்டோர். மாநில அரசு நிறுவனமான சப்ளைகோவின் இந்தக் கடைகளில் பதின்மூன்று பொருள்கள் மானிய விலையில் கிடைக்கும்: ஜெயா, குறுவை, மட்டை, பச்சரிசி, சர்க்கரை, சிறுபயறு, உளுந்து, கடலை, வன்பயறு, துவரை, மிளகாய், மல்லி, தேங்காயெண்ணெய். 2016-இலிருந்து எட்டு ஆண்டுகள் விலையை ஏற்றாமல் வைத்திருந்தார்கள். பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் சப்ளைகோவுக்கு வரவேண்டிய பணம் வராமல் கடன் ஏறியது. சரக்குக் கொடுப்பவர்கள் நிறுத்தினார்கள். பையோடு போனவர்கள் பலகையில் பதின்மூன்று பெயரையும் அலமாரியில் நாலைந்து பொருளையும் பார்த்துத் திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் மானியம் 55 விழுக்காட்டிலிருந்து 35 ஆகக் குறைக்கப்பட்டது. குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் நடத்திய ஜனகீய ஹோட்டல்களிலும் இதேதான்: 20 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அரசு கொடுத்த 10 ரூபாய் 2023 ஆகஸ்டில் நின்றது, சாப்பாடு 30 ரூபாய் ஆனது.

தண்ணீர்க் குழாயில் பார்த்த அதே பாடம்தான் இங்கும். விலையைக் காகிதத்தில் பிடித்து வைத்து, அதை நடத்தும் அமைப்பைப் பட்டினி போட்டால், கடைசியில் மக்களால் அந்த மலிவு விலையிலும் வாங்க முடியாது, வெளி விலையிலும் தாக்குப்பிடிக்க முடியாது. பேருந்தும் இதே பாதையில் போகிறது. பொலிவுறு நகரத் திட்டத்தில் 113 மின்பேருந்துகள் வந்தன. நகர வட்டப் பேருந்தில் பத்து ரூபாய் கொடுத்து ஏற முடிந்தது இந்த ஊருக்கு அண்மையில் கிடைத்த நல்ல விஷயங்களில் ஒன்று. உடனே கிளம்பிய விவாதம், லாபமா நட்டமா என்று. அந்தப் பேருந்தால் எத்தனை வீடு இரண்டாவது ஸ்கூட்டர் வாங்காமல் இருந்தது என்ற கணக்கை அந்த விவாதத்தில் யாரும் எடுக்கவில்லை. போக்குவரத்துக் கழகத்தின் புத்தகத்தில் நட்டமாக எழுதப்படுவது வீட்டின் புத்தகத்தில் மிச்சமாக விழுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் அலுவலகம் நம்மிடம் இல்லை.

ஆகவே விலைவாசிக்கு எதிரான கொள்கை மானியக் கடையோடு நின்றுவிடக் கூடாது. மாநகராட்சி ஒவ்வொரு வார்டிலும் வாரத்தில் எத்தனை மணி நேரம் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வந்தது, எத்தனை வீட்டிலிருந்து ஈரக்குப்பை எடுக்கப்பட்டது, எந்த வாய்க்கால் எப்போது தூர்வாரப்பட்டது என்று எழுதி வெளியிடட்டும். வாளி வைக்க இடமில்லாத தெருக்களுக்குப் பொது மக்கிடம் அமைக்கட்டும். கட்டணத்தை ஏற்றத்தான் வேண்டும் என்றால், ஏற்றிய பைசாவுக்கு எத்தனை மணி நேரத் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஏற்றட்டும். குறைந்த வருமானக்காரருக்கு விலக்கு தரட்டும். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். 1933-இல் ஒரு சமஸ்தானம் அருவிக்கரையிலிருந்து குழாய் போட்டது. அப்போது அதைத் தர்மமாகச் செய்தார்களா, முதலீடாகச் செய்தார்களா என்பது வேறு விவாதம். பலன் என்னவோ ஸ்ரீவராகத்துக் குமாஸ்தாவின் மாதக் கணக்கில் தெரிந்தது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் தண்ணீரில் என்றுதான் சொல்வேன். பெட்ரோலின் உலக விலையையோ கொப்பரையின் விளைச்சலையோ திருவனந்தபுரத்து மேயரால் மாற்ற முடியாது. நாற்பத்திநாலு வார்டுக்கு ஒரே குழாய் வழி என்ற நிலையை மாநகராட்சியும் நீர் ஆணையமும் மாநில அரசும் சேர்ந்தால் மாற்ற முடியும். அது மாறினால் ஒரு சராசரி வீட்டில் மோட்டாரும் லாரியும் குடமும் தேவையற்றுப் போகும். அந்த மிச்சம் எந்தப் பணவீக்க அறிக்கையிலும் விலைக் குறைப்பாகப் பதிவாகாது. ஆனால் மாதக் கடைசி வாரத்தை ஓட்டுகிறவருக்கு, அறிக்கையில் வரும் எந்தக் குறைப்பைவிடவும் அது பெரிய குறைப்பு.